விமானத்துக்குள் ஒரு மலையுச்சி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரரோல் என்ற மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். ஏமாற்றமாட்டோம். பிரஷர் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் அது இரத்தக் குழாய்க்குள் இருக்கும் பிரஷர் அல்ல. உங்களில் பாதிப் பேரை இந்த விழாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த விமானத்துக்குள் இருந்த பிரஷர். எங்கள் பௌதிகவியல் பாடப்புத்தகம் அதை அமுக்கம் என்று சொல்லும்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. லண்டன், ரொறன்ரோ, மெல்பேண், ஒஸ்லோ என்று இந்தப் பாடசாலையின் பிள்ளைகள் போகாத ஊர் இல்லை. பிள்ளைகள் போனதால் இப்போது அம்மாமாரும் போகிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தால் போக வேண்டும். பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போக வேண்டும். குளிருக்கு முன் திரும்பிவர வேண்டும். எழுபது, எண்பது வயதில் பதினைந்து மணித்தியாலம் ஆகாயத்தில் இருக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். அங்கே உங்கள் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் வகுப்புக்கு விமானம் என்றால் முதலில் அது ஒரு சத்தம். பொம்மர் எந்தத் திசையில் வருகிறது, எங்கே பதிகிறது, பதுங்குகுழிக்கு எத்தனை அடி என்பவைதான் அன்றைய கணக்குகள். அது எப்படிப் பறக்கிறது என்று யோசிக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. ஆனாலும் அதே ஆண்டுகளில்தான், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், போயிலின் விதியைப் பாடமாக்கினோம். வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அமுக்கம் குறைந்தால் அதன் கனவளவு கூடும். பரீட்சைக்காகப் படித்த அந்த ஒற்றை வரி இன்று நாங்கள் சொல்லப்போவதில் முக்கால்வாசியைச் சுமக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. விமானங்கள் ஏன் அவ்வளவு உயரத்தில் பறக்கின்றன? மலைகளில் மோதாமல் இருக்க என்று நினைப்பவர்கள் உண்டு. எவரெஸ்ட் 29,000 அடிக்குச் சற்று மேல். பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 30,000 முதல் 40,000 அடி வரையில் பறக்கின்றன. ஆனால் காரணம் மலை அல்ல, காற்று. 35,000 அடியில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மெல்லிய வளியை ஊடறுத்துப் போவது இலகு, எரிபொருள் மிச்சம், மழை முகில்களில் பெரும்பாலானவை கீழே நின்றுவிடும். ஜெற் எஞ்சினுக்கும் அந்த உயரமும் குளிரும் பிடிக்கும்.

எஞ்சினுக்குப் பிடித்த இடம் மனிதருக்குப் பிடித்த இடம் அல்ல. 35,000 அடியில் வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 54 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமாக இருக்கும் வளிமண்டல அமுக்கம் அங்கே ஏறக்குறைய 180. வளியில் ஒட்சிசனின் பங்கு அங்கும் 21 சதவீதம்தான், அது மாறுவதில்லை. ஆனால் அந்த ஒட்சிசனை நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளும் அமுக்கம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

“மூச்சை ஒரு நிமிடம் அடக்கிப் பிடிக்கலாமே, அதற்குள் ஏதாவது செய்யலாம்தானே?” என்று மருத்துவபீட மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. தண்ணீருக்குள் மூச்சடக்கும்போது நுரையீரலில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசன் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். உயரத்தில் திடீரென்று அமுக்கம் இறங்கினால் நடப்பது அதற்கு நேர்மாறு. நுரையீரலுக்குள் இருந்த வளி விரிந்து வெளியேறிவிடும். அங்கே மிஞ்சும் ஒட்சிசனின் அமுக்கம், உடம்பைச் சுற்றிக் களைத்துவரும் நாளக் குருதியில் உள்ளதிலும் குறைந்துவிடும். அப்போது ஒட்சிசன் இரத்தத்திலிருந்து நுரையீரலுக்குத் திரும்பி ஓடும். ஒவ்வொரு இதயத் துடிப்பும் இருப்பதையும் வெளியே அனுப்பும். அதனால்தான் 35,000 அடியில் ஒருவர் தெளிவாகச் செயற்படக்கூடிய நேரம் 30 முதல் 60 செக்கன் என்று கணித்திருக்கிறார்கள். 40,000 அடியில் அது இன்னும் குறைவு.

ஆகவே மனிதரை அங்கே கொண்டுபோவதென்றால் கீழேயுள்ள வளியையும் கூடவே கொண்டுபோக வேண்டும். செய்கிற முறை எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். சைக்கிள் ரியூப்பில் சிறு ஓட்டை. ஒட்டுவதற்குச் சொலூசன் இல்லை. ஆனாலும் விடாமல் பம் அடித்துக்கொண்டே இருந்தால் ரயர் இறுகி நிற்கும். விமானமும் அப்படித்தான். எஞ்சின் உள்ளிழுத்து நெருக்கும் வளியில் ஒரு பகுதியை எடுத்துக் குளிரவைத்து உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் வால் பக்கமாக இருக்கும் ஒரு வால்வு அதை அளவாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் உள்ளே எவ்வளவு அமுக்கம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கொருமுறை உள்ளேயிருக்கும் வளி முழுவதும் மாறிவிடும். விமானத்துக்குள் ஒரே காற்றைப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் உள்ளே கடல் மட்டத்து அமுக்கத்தை வைப்பதில்லை. பெரும்பாலான விமானங்களில் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அமுக்கம் மட்டுமே உள்ளே இருக்கும். 8,000 அடி என்றால் என்ன? எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை, 2,524 மீற்றர், ஏறக்குறைய 8,280 அடி. அதாவது சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் நுரையீரல் பிதுருதலாகலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருக்கிறது. பல மணித்தியாலம் அங்கேயே இருக்கிறது. நித்திரையும் கொள்கிறது.

ஏன் கடல் மட்டத்து அமுக்கத்தையே வைக்கக்கூடாது? உள்ளே கூட்டக் கூட்ட, வெளியேயுள்ள அமுக்கத்துடன் வித்தியாசம் கூடும். விமானத்தின் உடல் பலூன்போல வெளியே தள்ளப்படும். 8,000 அடி அமுக்கத்தை வைத்தாலே 35,000 அடியில் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் ஏழரை இறாத்தல் தள்ளுகிறது. நீங்கள் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கும் சிறிய யன்னலில் மட்டும் ஏறக்குறைய அரைத் தொன். ஒரு கதவில் பத்துத் தொன் அளவில். உள்ளிருந்து தள்ளும் அந்த வளியே பெரும்பாலான விமானங்களில் கதவை அதன் நிலையோடு இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறது. யாரோ ஒருவர் நடுவானில் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார் என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். அந்த உயரத்தில் பத்துத் தொன்னை இழுக்கக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை.

இனி ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. இதில் எங்கள் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

உலகின் முதலாவது ஜெற் பயணிகள் விமானம் பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் செய்த கொமெட். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பயணிகளோடு புறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் சேவை தொடங்கியது. அந்தக் காலத்து அப்பாமார், மாமாமார் சிலர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். விசிறி விமானங்கள் அதிர்ந்து அதிர்ந்து போன உயரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில், அவற்றிலும் வேகமாக, அலுங்காமல் போனது. உள்ளே வைத்த அமுக்கம் அதே 8,000 அடிக்குரியது. வெளியே 40,000 அடி. அவ்வளவு வித்தியாசத்தை நாள்தோறும் தாங்கவேண்டிய பயணிகள் விமானம் அதற்கு முன் இருக்கவில்லை.

1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு வந்துகொண்டிருந்த கொமெட் ஒன்று ரோமிலிருந்து கிளம்பி இருபது நிமிடமளவில் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. 35 பேரும் இறந்தார்கள். ஜொகன்னஸ்பேர்க்குக்கு முதல் பயணம் போன அதே விமானம். காலநிலை நன்றாகவே இருந்தது. கொமெட்டுகளைத் தரையில் நிறுத்தினார்கள். தீப்பிடித்திருக்கலாம், எஞ்சின் சிதறியிருக்கலாம் என்று ஊகித்து ஊகித்து அறுபதளவு திருத்தங்கள் செய்தார்கள். மார்ச் 23 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள். பதினாறாம் நாள், ஏப்ரல் 8, ரோமிலிருந்து கெய்ரோ போன இன்னொரு கொமெட் நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதை எங்கள் பேராசிரியர்கள் ஏன் அவ்வளவு வெறுத்தார்கள் என்று விளங்க இந்தப் பதினாறு நாட்கள் போதும்.

எல்பாவின் மீனவர்கள்தான் முதலில் கடலுக்குப் போய் உடல்களைக் கரைசேர்த்தார்கள். பிரேத பரிசோதனையைச் செய்தவர் பீசாவைச் சேர்ந்த சட்ட மருத்துவ நிபுணர் அன்ரோனியோ ஃபொர்னாரி. விமானம் இன்னும் கடலடியில் கிடந்தது. கையில் இருந்த ஒரே சாட்சி அந்த உடல்கள். அவர் கண்டது என்ன? கைகால் முறிவுகளும் எரிகாயங்களும் பெரும்பாலும் இறந்தபின் ஏற்பட்டவை. நுரையீரல்களோ கிழிந்திருந்தன. உயிரோடிருந்தபோதே, வெளியேயுள்ள அமுக்கம் ஒரு கணத்தில் இறங்கி, உள்ளேயிருந்த வளி மூச்சுக்குழாய் வழியே வெளியேற நேரமில்லாமல் விரிந்தால் நுரையீரல் அப்படித்தான் கிழியும். போயிலின் விதி. மண்டையோடுகளிலும் முறிவுகள், இருக்கையிலிருந்து தூக்கி வீசப்பட்டு எதிலோ மோதியிருக்கிறார்கள். குண்டு வெடித்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. ஆக, விமானத்தின் உடலே பலூன்போல வெடித்திருக்கிறது என்பதை முதலில் சொன்னவர்கள், தாங்கள் எப்படி இறந்தோம் என்பதைத் தங்கள் நுரையீரலில் எழுதிவைத்துவிட்டுப் போன அந்தப் பயணிகள்தான். ஃபொர்னாரி அதை வாசித்தார்.

பிரித்தானியாவில், ஃபான்பரோ ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளர் சேர் ஆர்னல்ட் ஹோல் பொறுப்பேற்றார். ஒரு முழுக் கொமெட்டைப் பெரிய தண்ணீர்த் தாங்கிக்குள் இறக்கினார்கள்; இறக்கைகள் மட்டும் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு பறப்பிலும் ஏறும் அமுக்கத்தை ஏற்றுவது, இறக்குவது. இறக்கைகளை ஜாக்கிகளால் அசைப்பது. இரவும் பகலும் இதே வேலை. ஏன் தண்ணீர்? வளியை நெருக்கினால் சுருங்கும். உடைந்தால் குண்டுபோல வெடித்துத் தடயத்தையும் சிதறடிக்கும். தண்ணீர் சுருங்காது, உடைந்த இடம் உடைந்தபடியே கிடக்கும். அந்த விமானம் தாங்கிக்கு வருமுன் 1,221 தடவை பறந்திருந்தது. தாங்கிக்குள் 1,836 தடவை “பறந்தது”. 3,057ஆவது தடவையில் யன்னலொன்றின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. எல்பாவில் விழுந்தது 1,290 தடவை பறந்திருந்தது. மற்றையது 900.

உலோகத்துக்கும் களைப்பு உண்டு. கம்பியை ஒருதரம் வளைத்தால் முறியாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தால் முறியும். ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் ஒருதரம் ஊதி ஒருதரம் சுருங்குகிறது. மூலை ஏன் ஆபத்து? புடவைக் கடையில் சட்டைத் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் முதலில் கரையில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டுப்போடுவார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் சர்ரென்று நேராகப் போகும். இழுவை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் வந்து குவிகிறது. சதுர யன்னலின் மூலையும், அதற்குப் பக்கத்தில் ஆணிக்காகத் துளைத்த ஓட்டையும் உலோகத் தகட்டுக்கு அந்த வெட்டைப் போலத்தான்.

பயணிகள் பார்க்கும் சதுர யன்னல்களால்தான் கொமெட் விழுந்தது என்று பல இடங்களில் வாசிப்பீர்கள். முழுக்கச் சரியல்ல. தாங்கிக்குள் கிழிந்தது அப்படியொரு யன்னல்தான். ஆனால் கடலிலிருந்து மீட்ட எல்பா விமானத்தின் கூரைத் துண்டில், வெடிப்புத் தொடங்கிய இடம் வானொலித் திசைகாட்டியின் அன்ரெனாவுக்காகக் கூரையில் வெட்டிய திறப்பொன்றின் மூலை. பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனாலும் நோயாளியின் எந்தக் காலில் வருத்தம் என்பதைச் சரியாக எழுதிவைப்பது நல்லது.

இதைவிட எங்களை யோசிக்கவைத்தது வேறொன்று. கொமெட்டைச் செய்தவர்கள் பரீட்சிக்காமல் விடவில்லை. உடலின் ஒரு பகுதியை வைத்து ஆயிரக்கணக்கான தடவை ஊதிச் சுருக்கிப் பார்த்தார்கள்; அது 18,000 தடவை வரை தாங்கியது. அப்படியானால் 1,290இல் ஏன் உடைந்தது? பரீட்சைக்கு எடுத்த அந்தத் துண்டை, அதற்கு முன்னரே, அது தாங்குமா என்று பார்க்க இரு மடங்கு அமுக்கத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தக் கடும் இழுப்பில் மூலைகளில் உலோகம் சற்று இளகி, இறுகி, பிறகு வந்த சிறு இழுப்புகளைத் தாங்கும் வலுப் பெற்றுவிட்டது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. பரீட்சைத் துண்டு பயணிகள் ஏறிய விமானத்தைவிட வலுவான வேறொரு பொருளாக மாறியிருந்தது. புதிய மருந்துகளைச் சுகதேகிகளான இளைஞர்களிடம் சோதித்துவிட்டு எங்கள் எண்பது வயது ஆச்சிமாருக்கு எழுதிக்கொடுக்கும்போது இது நினைவுக்கு வரும்.

கொமெட் தடித்த தகட்டோடும் வட்டமான யன்னல்களோடும் 1958இல் திரும்பிவந்தது. அதற்குள் அமெரிக்காவின் போயிங் 707 வந்துவிட்டது. அதன் பிறகு உலகம் விமானத்தின் வயதை ஆண்டில் மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை தடவை ஊதிச் சுருங்கியது என்றும் எண்ணுகிறது. 1988இல் ஹவாயில் தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடியில் முன்பக்கக் கூரையை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். மற்ற 94 பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள். அந்த விமானம் 89,000க்கும் மேற்பட்ட தடவை பறந்திருந்தது. பறப்பு ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம்கூட இல்லை.

அடுத்தமுறை யன்னலோரம் இருக்கை கிடைத்தால் கவனியுங்கள். மூலைகள் எல்லாம் வளைந்திருக்கும். கண்ணாடி மூன்று அடுக்கு: வெளியிலுள்ளது சுமையைத் தாங்குகிறது, நடுவிலுள்ளது அதற்குத் துணை, நீங்கள் தொடுவது வெறும் மறைப்பு. நடு அடுக்கின் அடியில் குண்டூசித் தலையளவில் ஒரு துளை தெரியும். பழுதல்ல. அமுக்கம் முழுவதும் வெளியடுக்கில் விழவேண்டும் என்பதற்காகவே இட்ட துளை. நடு அடுக்குச் சேமிப்பாக இருக்கிறது. பனித்துளி அதைச் சுற்றித்தான் பூப்பூவாய்ப் படியும்.

இப்போது முகமூடி. விமானப் பணிப்பெண் செய்து காட்டும்போது யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளேயுள்ள அமுக்கம் 14,000 அடியளவுக்குரியதாக இறங்கினால் முகமூடிகள் தாமாக விழும். இழுத்து மாட்டினால்தான் ஒட்சிசன் வரும், ஏனென்றால் பெரும்பாலான விமானங்களில் அது சிலிண்டரில் இல்லை. தலைக்கு மேலே ஒரு சிறு பேணியில் சோடியம் குளோரேற்று என்ற உப்பு இருக்கிறது. இழுவையில் அது சூடாகி ஒட்சிசனை விடும். கருகல் மணம் வரலாம், பை உப்பாமல் இருக்கலாம், இரண்டும் பிழையல்ல. ஏறக்குறைய 12 முதல் 20 நிமிடம் தாங்கும். விமானி அதற்குள் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்.

“முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு” என்று அவர்கள் சொல்வது எங்கள் ஊர்த் தாய்மாருக்குக் காதில் ஏறுவதில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்காமல் ஒருவாய் தின்னாதவர்கள் முகமூடியை மட்டும் முதலில் தாம் மாட்டுவார்களா? ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 செக்கன். அழுது திமிறும் பிள்ளைக்கு மாட்டப் போராடி அது முடியுமுன் உங்கள் கை சொல் கேட்காது. பிறகு இரண்டு பேருக்கும் மாட்ட ஆளில்லை. உங்களுக்கு மாட்ட ஐந்து செக்கன் போதும். பிள்ளை அதற்குள் மயங்கினாலும் ஒட்சிசன் கிடைத்ததும் கண்விழிக்கும்.

ஒட்சிசன் குறைவின் மிகப் பெரிய கொடுமை, அது குறைவதாகத் தெரியாது. மூச்சுத் திணறல் என்று நாங்கள் உணர்வது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு கூடுவதால். உயரத்தில் அது கூடுவதில்லை. ஆகவே தலை இலேசாக, மனம் சந்தோசமாக, எல்லாம் சரியாக நடப்பதுபோலத்தான் இருக்கும். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்பிரஸின் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸுக்குப் போன ஹேலியோஸ் விமானத்தில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆளி, பராமரிப்பு வேலைக்குப்பின் கையால் இயக்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. விமானம் ஏற ஏற உள்ளே அமுக்கம் இறங்கியது. எச்சரிக்கை ஒலித்தது, ஆனால் அந்த ஒலி, தரையில் புறப்படுமுன் ஒலிக்கும் வேறொரு எச்சரிக்கையின் அதே ஒலி. விமானிகள் அதுவென்றே எண்ணினார்கள். குளிரூட்டும் தொகுதியில் ஏதோ கோளாறு என்று கீழே பேசிக்கொண்டிருந்தபடியே நினைவிழந்தார்கள். தன்னியக்கி விமானத்தை ஏதென்ஸுக்கு மேலே கொண்டுபோய் எரிபொருள் தீருமட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. 121 பேர். அந்த விமானிகளை அனுபவமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. யோசிக்கும் உறுப்பே முதலில் போகும்போது, “ஏதோ பிழை” என்று யோசிக்க எதை வைத்து யோசிப்பது?

பயமுறுத்தியது போதும். இப்படியானவை மிக அரிது. ஆனால் பிதுருதலாகலை ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறது. அதனால் எங்கள் அம்மாமாருக்குச் சில சொற்கள்.

நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே விமானத்துக்குள் இரத்தத்தின் ஒட்சிசன் செறிவு 98இலிருந்து 90, 93 சதவீதம் வரை இறங்கும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தரையிலேயே 92 இல் இருக்கும் நுரையீரல் நோயாளிக்கு, இரத்தச்சோகை கடுமையாக உள்ளவருக்கு, அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு அது வேறு கதை. படியேறினால் இளைப்பவர்கள் ரிக்கற் எடுக்குமுன் வைத்தியரிடம் காட்ட வேண்டும். விமானத்தில் ஒட்சிசன் தேவையென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து, வைத்தியரின் படிவத்தோடு ஒழுங்குசெய்யலாம். “சொன்னால் ஏற்றமாட்டார்கள்” என்று மறைத்துவிட்டுப் போகிறவர்களை எங்களுக்குத் தெரியும். கட்டார் போகும் வழியில் கடலுக்கு மேலே மூச்சு முட்டும்போது சொல்ல வேண்டிவரும். அங்கே ஈ.சி.ஜி.யும் இல்லை, வார்ட்டும் இல்லை.

மீண்டும் போயில். 8,000 அடி அமுக்கத்தில் வாயு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். தண்ணீர்ப் போத்தல் மேலே உப்புவதும் இறங்கும்போது நசிவதும் அதனால்தான். வயிற்றுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. பறக்குமுன் கடலைக்கறியும் சோடாவும் வேண்டாம். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியர் சொல்லும் நாள்வரை பொறுக்க வேண்டும். முறிவுக்குப் புதிதாக மாக்கட்டுப் போட்டவர்கள் அதைப் பிளந்துவிடவேண்டுமா என்று கேளுங்கள். கண்ணின் விழித்திரைக்குச் சத்திரசிகிச்சை செய்து உள்ளே வாயுக் குமிழி விட்டிருந்தால், அது முற்றாகக் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. மூடிய கண்ணுக்குள் குமிழி விரிந்தால் அமுக்கம் ஏறி, இரத்த ஓட்டம் நின்று, பார்வை போய்விடும். வெண்புரைச் சத்திரசிகிச்சை வேறு, இது வேறு. எதைச் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிவையுங்கள்.

காது இறங்கும்போதுதான் வலிக்கும். நடுக்காதிலிருந்து வளி வெளியேறுவது இலகு. ஊத்தேக்கியோவின் குழாய் வழியே திரும்ப உள்ளே போவது கடினம். விழுங்கினால் குழாய் திறக்கும். அதனால் விமானம் இறங்கத் தொடங்கும்போது நித்திரையாக இருக்க வேண்டாம். இனிப்பு ஒன்றை வாயில் போடுங்கள். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள். தரையைத் தொடுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னரே இறக்கம் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளேயுள்ள வளி மிகவும் வறண்டது, தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்கு எழும்ப வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள், எழும்பி நடப்பதே காலில் குருதி உறையாமல் காக்கும் மருந்து என்று நினைத்துக்கொண்டு போய்வாருங்கள். போயிங் 787, எயார்பஸ் 350 போன்ற புதிய விமானங்களில் உள்ளேயிருக்கும் அமுக்கம் 6,000 அடியளவுக்குரியது. 787இன் உடல் பெரும்பாலும் காபன் நாராலானது. உலோகத்தைப்போல இலகுவில் களைக்காது, துருவும் பிடிக்காது. ஆகவே பிதுருதலாகலையிலிருந்து இறங்கி நுவரெலியாவில் இருக்கலாம். ரிக்கற் எடுக்கும்போது எந்த விமானம் என்று பார்த்தெடுக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். விலை ஒன்றாக இருந்தால் நுவரெலியாவையே தெரிவுசெய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்சுலினையும் மற்ற மருந்துகளையும் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்ப வேண்டாம். பெட்டி வைக்கும் இடத்தில் குளிர் எவ்வளவு என்று சொல்ல முடியாது, உறைந்த இன்சுலின் பயன்படாது; பெட்டியும் சிலவேளை உங்களோடு வந்து சேராது. மருந்துத் துண்டோடு கைப்பைக்குள் வையுங்கள். ஊறுகாய்ப் போத்தலைப் பெட்டிக்குள் போடுங்கள், மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி.